நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தூய ஆற்றல் தொழில்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் செம்பனை ஆலைக் கழிவு, குப்பை, வெயில் ஆகியவற்றிலிருந்து மின்சாரம் எடுத்து விற்கும் தொழிலும், அதில் இறங்கும் இளம் தொழில்முனைவர்க்குள்ள வழிகளும் இக்கட்டுரையில் அடங்கும்.

இத்தொழிலின் வேர் மின்சாரத்துக்கு முந்தியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிலோனில் காப்பி பயிரிட்டுப் பழகிய துரைமார் சுங்கை ஊஜோங் வட்டாரத்தில் தோட்டம் திறந்தனர். தாமஸ் ஹெஸ்லோப் ஹில் பெயரோடு சேர்ந்த லின்சம் தோட்டம் அக்காலத்தது. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. காப்பி விலை சரிந்ததும் ரப்பர் வந்தது. ஆள் திரட்டிய கங்காணிகள் வழியே தமிழர் திரளாக வந்தனர். ரப்பர்ப் பால் உறைந்து ஷீட்டானபின் புகைவீட்டில் நாள்கணக்கில் தொங்கிக் காயும். அதற்கு எரிந்தது விறகு; பால் வற்றிய ரப்பர் மரமும் அவ்விறகில் சேர்ந்தது. தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களின் அடுப்பும் விறகையே நம்பியிருந்தது. தோட்டம் தன் கழிவிலிருந்து தானே வெப்பம் எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது. வெளிச்சம் மட்டும் மண்ணெண்ணெய் விளக்கோடு நின்றது. பிறகு பல தோட்டங்களில் டீசல் ஜெனரேட்டர் வந்து, மாலையில் சில மணி நேரம் மட்டும் லயங்களில் விளக்கெரிந்தது. தொழிலாளர் வீடுகளுக்குப் போதிய மின்சாரம் தருவதை முதலாளியின் கடமையாக்கிய வீட்டுவசதிச் சட்டம் 1990இல்தான் வந்தது. இது மிகத் தாமதமான நீதி.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆற்றலின் அளவு பெருகியது. ஒரு டன் பழக்குலையில் எண்ணெய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நார் சுமார் 130 கிலோவும் ஓடு சுமார் 60 கிலோவும் மிஞ்சும். ஆலைக்காரர் இவ்விரண்டையும் பாய்லரில் எரிக்கின்றனர். அந்த நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றும், பிறகு பழத்தை அவிக்கும். இவ்வகையில் செம்பனை ஆலை தொடக்கம் முதலே தன் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் இடம்.

வீணானது கழிவுநீர். 1977ஆம் ஆண்டு விதிகள் அதைச் சுத்திகரித்த பிறகே வெளியேற்றச் சொன்னதால் ஆலைகள் குளம் வெட்டித் தேக்கின. திறந்த குளத்திலிருந்து மீத்தேன் எழுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பம் கூட்டும். குளத்தை மூடிவிட்டால் ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் உயிர்வாயு கிடைக்கும். அதில் பாதிக்கு மேல் மீத்தேன். எஞ்சினை ஓட்ட அது போதும்.

இதை வணிகமாக்கியது 2011ஆம் ஆண்டு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம். அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் நீடித்த ஆற்றல் மேம்பாட்டு ஆணையமான செடாவின்கீழ் நிலையான விலையில் மின்சாரம் விற்கும் உரிமை கிடைத்தது: சூரிய மின்சாரத்துக்கு 21 ஆண்டு, உயிர்வாயுவுக்கு 16 ஆண்டு. இதற்கான நிதி மின்கட்டணத்தோடு வசூலாகிறது. மாதம் 300 யூனிட்டுக்குள் செலவிடும் வீடுகளுக்கு விலக்கு உண்டு என்பதால் குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் வீடுகள்மேல் சுமை இல்லை. இத்திட்டத்தில் சைபார்க் நிறுவனம் நீலாய் அருகே பாஜமில், மூடிய குப்பைமேட்டின்மேல் 8 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை 2012இல் இயக்கியது. போர்ட்டிக்சன் பக்கம் லாடாங் தானா மேராவில் குப்பையை எரித்து மின்சாரமெடுக்கும் ஆலையையும் அது அமைத்தது.

இளைஞர்க்கான வாசல் இரண்டு. ஒன்று, எரிசக்தி ஆணையத்தின் சார்ஜ்மேன் சான்றிதழ் அல்லது செடாவின் சூரியத் தகடுப் பயிற்சி பெற்றுக் கூரை வேலைக் குத்தகையில் தொடங்குவது. மற்றது மின் நிலையமே நிறுவுவது. அதற்கு நிலமும் முதலும் வேண்டும். லயத்தில் பிறந்தவர் பலரிடம் இரண்டும் இல்லை. திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கச் செய்தார். மின் நிலையத்துக்கும் இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி இல்லை.