வத்தலக்குண்டு தந்த இதழாசிரியர்களும் எழுத்தாளர் கூட்டுறவும்

கூடிப் பேசுவோர்க்கே குழு உண்டு. பேச்சு நின்ற இடத்தில் பெயர்ப் பலகை மட்டுமே எஞ்சும். இலக்கிய அமைப்புகளின் வரலாறு இவ்வுண்மையைப் பலகால் மெய்ப்பித்துள்ளது. அதற்குரிய சான்றைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, கொடைக்கானல் மலையடிவாரத்தில் அமைந்த வத்தலக்குண்டே அச்சான்றை வழங்குகின்றது.

இச்சிற்றூருக்கும் இதழியலுக்கும் உள்ள உறவு பழையது. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர். ராஜமையர் 1896இல் ‘பிரபுத்த பாரதா’ என்னும் ஆங்கில இதழின் முதல் ஆசிரியரானார். விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா 1913இல் ‘ஞானபானு’வைத் தொடங்கினார். அவ்வழியில் வந்தவர்கள் பி.எஸ். ராமையாவும் சி.சு. செல்லப்பாவும். முன்னிருவரும் இதழ் நடத்தினர். பின்னிருவரோ இதழின் வாயிலாக ஒரு குடும்பத்தையே உருவாக்கினர்.

1933இல் கே. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகியோரின் முயற்சியால் தோன்றிய ‘மணிக்கொடி’, 1935இல் ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென்றே உரிய இதழாயிற்று. புதுமைப்பித்தன், கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி எனத் தனித்தனிப் போக்குடைய படைப்பாளிகள் அதில் ஒருங்கே எழுதினர். ‘மௌனி’யை எழுதத் தூண்டியவரும், அப்புனைபெயரைச் சூட்டியவரும் ராமையாவே. ஆற்றல் உடையவரைத் தேடிச் சென்று பேசியதே அவர் கையாண்ட வழி. ஆயினும் அத்தொடர்பு பெரிதும் ஒருவரையே சார்ந்திருந்தது. 1938இல் அவர் விலகியபின் இதழ் நெடுநாள் நிலைக்கவில்லை. எழுத்தாளர்களும் திசைக்கொருவராய்ப் பிரிந்தனர். அந்நாள்களை ராமையா பிற்காலத்தில் ‘மணிக்கொடி காலம்’ என நூலாக்கினார். 1982ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது அந்நூலுக்குக் கிட்டியது.

அறுந்த இழையை மீண்டும் முடிந்தவர் செல்லப்பா. மணிக்கொடியில் எழுதிப் பழகிய அவர், 1959 சனவரியில் சென்னையில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அவரே எல்லை வகுத்தார். அவ்வெல்லையை இதழ் எட்டியதே இல்லை. எனினும் அச்சிறு வட்டத்துக்குள் நிகழ்ந்த உரையாடல் பெரிது.

இடையில் நெடுங்காலம் கவிதையினின்று ஒதுங்கியிருந்த பிச்சமூர்த்தி, எழுத்தில் வெளிவந்த ‘பெட்டிக்கடை நாரணன்’ வாயிலாக மீண்டும் கவிஞரானார். நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி ‘பசுவய்யா’ என்னும் பெயரில் கவிதை அனுப்பினார். இருபது வயதை ஒட்டிய தருமு சிவராமு, கடல் கடந்து திருகோணமலையிலிருந்து எழுதினார். வட இந்தியாவில் அரசுப் பணியிலிருந்த வெங்கட் சாமிநாதனோ வாசகர் கடிதம் எழுதியவராக அறிமுகமாகித் திறனாய்வாளராக வளர்ந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் காணாத இவர்களைப் பிணைத்தவை அஞ்சலட்டையும் அச்சுத் தாளுமே. வாசகர் என்றும் எழுத்தாளர் என்றும் அங்கே நிலையான வேலி இல்லை. இளையவரின் கருத்து என்பதற்காக அது புறந்தள்ளப்படவும் இல்லை.

அதன் பயனே 1962இல் வெளிவந்த ‘புதுக்குரல்கள்’. இருபத்துநான்கு கவிஞர்களின் அறுபத்துமூன்று கவிதைகளைக் கொண்ட அத்தொகுப்பு, தமிழ்ப் புதுக்கவிதையின் முதற்பெருந்தொகுதி எனப் போற்றப்படுகிறது. அச்சிட்ட நூல்களைப் பைகளில் சுமந்து கல்லூரிகள்தோறும் சென்று விற்றார் செல்லப்பா. எழுதியவருக்கும் படிப்பவருக்கும் இடையே தாமே தூதாகவும் நின்றார் எனலாம்.

கருத்து வேற்றுமைகளும் இல்லாமல் இல்லை. திறனாய்வு முறை குறித்துச் செல்லப்பாவும் க.நா. சுப்ரமண்யமும் வேறுபட்டனர். க.நா.சு. 1963இல் ‘இலக்கிய வட்டம்’ இதழைத் தொடங்கினார். எழுத்தில் நெடுங்கவிதை படைத்த சி. மணி 1968இல் ‘நடை’யோடு தம் வழியே சென்றார். காலாண்டிதழாகச் சுருங்கிய எழுத்து, 119 இதழ்களோடு 1970இல் நின்றது. போதிய சந்தாதாரர் இல்லாமை அதன் உயிரை வாட்டியது.

இதனைத் தோல்வி எனக் கொள்ளலாமோ? மணிக்கொடி நின்றபோது எழுத்தாளர் கலைந்தனர். எழுத்து நின்றபோதோ அதில் பேசிப் பழகியவர்கள் புதிய இதழ்களிலும் புதிய வட்டங்களிலும் உரையாடலைத் தொடர்ந்தனர். ஒருவர் வழியே ஓடிய தொடர்பு அவரோடு தளர்ந்தது. பலரிடையே பரவிய தொடர்போ இதழ் மறைந்த பின்னும் வாழ்ந்தது.

ஓர் அமைப்பின் உறுதி உறுப்பினர் எண்ணிக்கையில் இல்லை. வந்த மடலுக்கு விடை எழுதும் கையில் இருக்கிறது, மாறுபட்ட கருத்துக்கும் பக்கம் ஒதுக்கும் மனத்தில் இருக்கிறது. பத்தாண்டு கடந்து நிற்கும் எந்த இலக்கிய வட்டமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு: கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் புதியவரின் குரல் முன்வரிசைக்குக் கேட்கிறதா? கேட்கும் வரை வட்டம் வளரும். வத்தலக்குண்டு மண் தந்த இருவரின் வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவே.