அவுட்காஸ்ட்டும் ஒரு சொல்தா தாத்தாவும்

போன வாரம் பரண் ஒழிக்கும்போது ரெண்டு சிடி கிடைச்சுது. உறை கிழிஞ்சு, ஒண்ணுல ஓரத்துல பூஞ்சை. மேல அவுட்காஸ்ட்னு எழுத்து. வருஷம் 1999. ரொம்ப நாளா இதைப் பத்தி எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். பூஞ்சையைப் பார்த்ததும், இனிமே தள்ளக்கூடாதுன்னு தோணிடுச்சு.

முதல்ல இந்த சிடி காரைக்காலுக்கு எப்படி வந்துச்சுன்னு சொல்லிடறேன். எங்க ஊர் 1739-லேர்ந்து 1954 வரைக்கும் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரன் கையில இருந்த ஊர். 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கைமாறிச்சு, 1962-லதான் சட்டப்படி இந்தியாவோட சேர்ந்துச்சு. அப்ப பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்கிட்ட குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து ஓய்வு பெற்று வந்தவங்களை ஊர்ல 'சொல்தா'ன்னு சொல்லுவாங்க. என் பள்ளிக்கூட சிநேகிதன் ஒருத்தனோட தாத்தா ஒரு சொல்தா. அவனோட சித்தப்பா பாரிஸ்ல வேலை. லீவுக்கு வரும்போது சென்ட்டு, சாக்லேட்டு, யாரும் தொடாத ஒரு நாத்தம் பிடிச்ச சீஸ் எல்லாம் கொண்டாருவார். 2000 மே மாசம் அதோட இந்த கேமும் வந்துச்சு.

பேச்சு முழுக்க பிரெஞ்சு. எங்க ரெண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்துல படிச்ச பிரெஞ்சு, அதாவது "என் பெயர் இன்னது, இது ஒரு பேனா" அளவுக்கு :-)

தாத்தா பின்னாடி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவர்தான் எங்க சப்டைட்டில்.

கதை ரொம்ப எளிமை. வேற ஒரு உலகத்துக்கு அமெரிக்கா ஒரு ஆய்வுக்கருவியை அனுப்புது. அங்க அது சேதமாகி, அதனால பூமியை விழுங்கற மாதிரி ஒரு கருந்துளை உருவாகுது. சரி பண்ண மூணு விஞ்ஞானிகளும் அவங்களுக்குக் காவலா கட்டர் ஸ்லேடுன்னு ஒரு முன்னாள் கடற்படை வீரரும் போறாங்க. போன இடத்துல பிரிஞ்சு போயிடறாங்க. ஸ்லேடு கண்ணு முழிக்கிறது அடெல்ஃபான்னு ஒரு உலகத்துல. அங்க இருக்கற தலான் மக்கள் இவரை 'உலுகாய்'னு கூப்பிடறாங்க, நம்ம பாஷையில ரட்சகர். (கதை நடக்கற வருஷம் 2007. அந்த வருஷம் பிறந்தப்ப சிநேகிதனுக்குப் போன் பண்ணி "கருந்துளை வந்துச்சாடா"ன்னு கேட்டது ஞாபகம்.)

இதெல்லாம் சினிமாவுல பார்த்த கதைதான். எங்களை அசத்தினது அதுக்கப்புறம் வர்ற விஷயம். அதுவரைக்கும் நாங்க ஆடின கேம்ல எல்லாம் ஒரு தாழ்வாரத்துல போவோம், கதவைத் திறப்போம், சுடுவோம், அடுத்த தாழ்வாரம். இதுல பனி மூடின ரன்சார், வயல் நிறைஞ்ச ஷமசார், சந்தையும் சந்துமா தலன்சார், சதுப்பு நிலமா ஒகசங்கர், சுரங்கம் உள்ள மொட்டசார், காடா இருக்கற ஒகார். ஆரம்பத்துல வர்ற ரன்சாரைத் தாண்டிட்டா, எந்த ஊருக்கு எப்ப வேணா போகலாம். 'டவோகா'ங்கற வாசல் வழியா உள்ள நுழைஞ்சா அடுத்த ஊர்ல இருப்போம். எலீட் 1984-லயே விண்வெளியைத் திறந்து விட்டுடுச்சு, 1996-ல டாகர்ஃபால் ஒரு நாட்டையே கொடுத்துச்சுன்னு பின்னாடி படிச்சேன். ஆனா மனுஷங்க வேலை செஞ்சுக்கிட்டு, பேசிக்கிட்டு, நம்மளைக் கண்டா நின்னு திரும்பிப் பார்க்கற ஒரு முப்பரிமாண ஊரைக் காரைக்கால் பையன் ரெண்டு பேரு பார்த்தது அன்னிக்குத்தான்.

ஒரு ஆளைத் தேடணும்னா எதிர்ல வர்ற தலானைக் கேக்கணும். அவன் திரும்பி நின்னு கையை நீட்டிக் காட்டுவான். கொஞ்ச தூரம் போய் இன்னொருத்தனைக் கேக்கணும். எங்க ஊர்ல வீடு தேடி வர்றவங்க பாரதியார் ரோட்டுல இறங்கி எப்படிப் போவாங்களோ அப்படி. அதுவும் நாம ஊர்க்காரனைச் சுட்டுட்டோம்னா பேர் கெட்டுப் போகும், யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. சிநேகிதன் முதல் நாளே அந்தத் தப்பைப் பண்ணினான். தாத்தா சலிச்சுக்கிட்டார். "ஊருக்குள்ள துப்பாக்கிய நீட்டிக்கிட்டுப் போனா எவன்டா பேசுவான்? நான் சைகோன்ல பார்க்காததா?"

ஷமசாருக்குள்ள நுழைஞ்ச அன்னிக்கு தாத்தா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டுப் பக்கத்துல வந்தார். தண்ணி நிக்கற வயல், குனிஞ்சு வேலை செய்யற ஆளுங்க, தூரத்துல கோயில். அங்க விளையறதுக்குப் பேர் 'ரிஸ்'. பிரெஞ்சுல அரிசி 'ரி', அதைத்தான் லேசாத் திருப்பி வச்சிருப்பாங்கன்னு தாத்தா சொல்லிச் சிரிச்சார். அந்த ரிஸ்ஸைத் தின்னுதான் ஃபே ரான்ங்கற கொடுங்கோலனோட சிப்பாய்ங்க வாழறாங்க. விவசாயிங்களுக்கு நாம சில உதவி செஞ்சா அவங்க வேலையை நிறுத்திடுவாங்க. நிறுத்தினா உலகம் முழுக்க சிப்பாய்ங்களோட தெம்பு குறையும். சுரங்கத்துல ஹெலிடியம் வெட்டறதை நிறுத்தினா அவங்க ஆயுதம் பலவீனமாகும். 1999-ல ஒரு கேம் இதைச் செஞ்சுது. சண்டையைச் சுலபமாக்க துப்பாக்கியை விட வேலைநிறுத்தம் உபயோகம்! தாத்தாவுக்கு இது உடனே புரிஞ்சு போச்சு. "சோத்தை நிறுத்துனா சேனை நிக்காது"ன்னார். டெல்டாக்காரங்க எங்களுக்குச் சொல்லவா வேணும்.

இதைச் செஞ்சவங்க பெரிய கம்பெனி இல்ல. பெல்ஜியத்துல நமூர்னு ஒரு ஊர். அங்க 1995-ல யீவ் க்ரோலே, ஃப்ராங்க் சோவர், யான் ரொபேர்னு மூணு பேர் ஆரம்பிச்ச அப்பீல்ங்கற நிறுவனம். க்ரோலேயும் சோவரும் அதுக்கு முன்னாடி அமிகா கம்ப்யூட்டருக்கு அன்ரியல் (1990, பின்னாடி வந்த துப்பாக்கிச் சண்டை கேம் இல்ல), அகனி (1992) எல்லாம் செஞ்சவங்க. வெளியிட்டது பிரான்ஸ்ல லியோனைச் சேர்ந்த இன்ஃபோகிராம்ஸ். இசைக்கு லென்னி மூர்னு அமெரிக்க இசையமைப்பாளரைப் பிடிச்சு, மாஸ்கோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவையும் கோரஸையும் வச்சு வாசிக்க வச்சாங்க. கேமுக்கு நிஜ ஆர்க்கெஸ்ட்ரா அபூர்வமா இருந்த காலம். கிரியேட்டிவ் ஸ்பீக்கர்ல அந்தக் கோரஸ் கேட்டப்ப அவங்க வீட்டு ஆயா பூஜையை விட்டுட்டு வந்து எட்டிப் பார்த்தாங்க.

இப்ப தொழில்நுட்பத்துக்கு வர்றேன். இந்த கேமோட விதி அதுலதான் இருக்கு.

சிநேகிதன் கம்ப்யூட்டர்ல 3டி கார்டு கிடையாது. பென்டியம் 3 மட்டும். அந்த வருஷம் வந்த புது கேம் நிறைய அதுல ஓடல. அவுட்காஸ்ட் ஓடிச்சு, ஏன்னா அது 3டி கார்டைச் சட்டையே பண்ணல. எல்லாரும் நிலத்தை முக்கோணங்களா வெட்டி ஒட்டினாங்க. இவங்க வாக்ஸல். நிலத்தை மேலேர்ந்து பார்த்த வரைபடமா வச்சுக்குவாங்க, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு உயரம், ஒரு நிறம். திரையை நெடுக்குக் கோடுகளாப் பிரிச்சு, ஒவ்வொரு கோட்டுக்கும் நம்ம காலடியிலேர்ந்து தொலைவை நோக்கி அந்த வரைபடத்து மேல நடக்கணும். முன்னாடி உள்ளதை விட எட்டித் தெரியற புள்ளி வந்தா அதை வரையணும், மறைஞ்சிருந்தா விட்டுடணும். 1992-ல வந்த கொமான்சி ஹெலிகாப்டர் கேம்லயும் இதே வித்தைதான். ஆளுங்களும் கட்டடமும் மட்டும் அவுட்காஸ்ட்ல முக்கோணம். இதனால குன்று கூர் கூரா இல்லாம மண்ணு மாதிரியே வளைஞ்சு தெரிஞ்சுது. தூர்வாரின மண்மேட்டைத் தவிர வேற மலையே பார்க்காத ஊர்க்காரன் நான், அந்தக் குன்றுகளை வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்த்தேன்.

ஆனா எல்லாக் கணக்கையும் பிராசஸர் ஒண்ணே போடணும். அதனால அதிகபட்சத் திரை 512-க்கு 384 புள்ளி. மத்த கேம் எல்லாம் 800, 1024-னு போய்க்கிட்டிருந்தப்ப இது ஒரு பின்தங்கல். அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல 3டி கார்டு எல்லா வீட்டுக்கும் வந்தாச்சு. வாக்ஸலுக்கு அந்தக் கார்டால எந்தப் பிரயோசனமும் இல்ல. எந்த அழகுக்காக அந்த வழியில போனாங்களோ, அந்த வழி முட்டுச்சந்து. முக்கோணத்துலயே போயிருந்தா இந்த கேம் பிழைச்சிருக்குமான்னு சில சமயம் யோசிப்பேன். பிழைச்சிருக்கலாம், ஆனா அந்தக் குன்றுகள் இருந்திருக்காது.

விமர்சகர்கள் கொண்டாடினாங்க. கேம்ஸ்பாட் அந்த வருஷத்தோட சிறந்த அட்வென்ச்சர் கேம்னு பட்டம் கொடுத்துச்சு. ப்ளேஸ்டேஷன் 2-க்கு ரெண்டாம் பாகம் தயாராச்சு. பாதியில நின்னுது. 2002-ல அப்பீல் மூடியாச்சு. அதே சமயம் 1999 டிசம்பர்ல ஜப்பான்ல ஷென்மூ, 2001-ல ஜிடிஏ 3, 2002-ல மாரோவிண்ட்னு வரிசையா வந்து 'திறந்த உலகம்'ங்கறதை ஒரு தனி வகையாவே ஆக்கிடுச்சு. வரலாறு எழுதறவங்க பெரும்பாலும் அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கறாங்க. எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகல.

இன்னொரு குறையையும் சொல்லணும். வெளிநாட்டுல இருந்து துப்பாக்கியோட ஒருத்தர் வர்றார், உள்ளூர்க்காரங்க கும்பிட்டு "நீதான் ரட்சகன்"ங்கறாங்க. இருநூறு வருஷம் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்ல உட்கார்ந்து இதை ஆடறது கொஞ்சம் விசித்திரம்தான். வயல், கோயில், அங்கி எல்லாம் கிழக்கத்தி நாடுகள்ல இருந்து அள்ளிக் கலக்கினது. பெண்கள் ஒருத்தர்கூடக் கண்ணுல படமாட்டாங்க, தனியா வேற இடத்துல இருக்காங்கன்னு ஒரு சமாதானம். தாத்தா ஒரு தடவை, உலுகாய்னு ஒருத்தன் காலைத் தொடற மாதிரி குனிஞ்சப்ப, மொழிபெயர்க்காம எழுந்து போயிட்டார். அன்னிக்குப் புரியல. அவர் யார் சீருடையில, யார் வயல்ல நின்னார்னு பின்னாடிதான் யோசிச்சேன். கேக்கறதுக்குள்ள 2006-ல போய்ச் சேர்ந்துட்டார்.

கேம் மட்டும் சாகல. ரசிகர்கள் க்ரைஎஞ்சின் வச்சு 'ஓப்பன் அவுட்காஸ்ட்'னு சொந்தமாவே ஒரு தொடர்ச்சி செய்ய இறங்கினாங்க. 2010-ல பழைய கேம் இணையத்துல விலைக்குக் கிடைச்சுது. இன்ஃபோகிராம்ஸ் அதுக்குள்ள பேர் மாறி அட்டாரி ஆகியிருந்துச்சு. அவங்ககிட்ட இருந்து 2013-ல உரிமையைத் திருப்பி வாங்கினது அதே மூணு பேர்தான். 2014-ல புதுப்பிக்க கிக்ஸ்டார்ட்டர்ல 6 லட்சம் டாலர் கேட்டாங்க, பாதிகூடச் சேரல.  2017-ல 'செகண்ட் கான்டாக்ட்'னு முழுசா மறுபடி வரைஞ்ச கேம். அப்புறம் 2019-ல உரிமை டிஹெச்க்யூ நோர்டிக்குக்குப் போச்சு. 2024 மார்ச்ல, இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு, ரெண்டாம் பாகம் 'எ நியூ பிகினிங்'.

ரெண்டையும் ஆடினேன். புதுசுல முதுகுல ஜெட்பேக். பறக்கலாம், சறுக்கலாம், குறையே சொல்ல முடியாத அழகு. ஆனா எங்க போகணும்னு திரையிலயே குறி காட்டிடுது. பறந்து போறவனுக்கு எதுக்கு வழி கேக்கற வேலை? இன்னிக்கு வர்ற திறந்த உலக கேம் எல்லாத்துலயும் இதே கதைதான். பத்து மடங்கு பெரிய நிலம் இருக்கு, யாரையும் ஒரு வார்த்தை கேக்காம முடிச்சிடலாம்.

2017-ல வந்ததுல பழைய குரல்களையே வச்சிருந்தாங்க. பிரெஞ்சுல ஸ்லேடுக்குக் குரல் கொடுத்தவர் பத்ரிக் புவாவே. புரூஸ் வில்லிஸ் படங்களுக்குப் பிரெஞ்சுல பேசறவரும் இவரேதான். 2020-ல இறந்துட்டார். நான் மொழியைப் பிரெஞ்சுக்கு மாத்தி வச்சு ஷமசாருக்குப் போனேன். பாதி புரியல. ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னாடி ஒரு விநாடி காத்துக்கிட்டிருந்தேன், பின் நாற்காலியிலேர்ந்து தமிழ்ல வரும்னு.

சிநேகிதன் 2009-லயே பாரிஸ் போயிட்டான், போறப்பதான் இந்த சிடியை எங்கிட்ட விட்டுட்டுப் போனான். நேத்து போன்ல பேசினப்ப, ரெண்டையும் பார்சல்ல அனுப்பட்டுமாடான்னு கேட்டேன்.

"அனுப்பு. ஆனா இங்க சிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டருக்கு யார்கிட்டடா போய்க் கேக்கறது?"ன்னான்.