இரண்டு நாள் தள்ளி ஒரு தேதி

ஜூலை 14 என்றால் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். பிரெஞ்சு தேசிய நாள். பழைய சொல்தாக்கள் பதக்கம் அணிந்து வருவார்கள். இரண்டு நாள் கழித்து வரும் ஜூலை 16 பற்றி இங்கே அதிகம் பேச்சில்லை. பிரெஞ்சு மீடியத்தில் நான் படித்தபோதும் தெ கோல், எதிர்ப்பு இயக்கம், விடுதலை என்றுதான் பாடம் போகும்.

1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிசிலும் புறநகரிலும் 13,152 யூதர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதில் 4,115 பேர் குழந்தைகள். குடும்பம் குடும்பமாக வெல் திவ் என்ற சைக்கிள் பந்தய அரங்கில் அடைத்தார்கள். பிறகு முகாம்கள், அங்கிருந்து ஆஷ்விட்ஸ். ஆள் கேட்டவர்கள் ஜெர்மானியர். வீட்டுக் கதவைத் தட்டியது பிரெஞ்சு போலீஸ். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளையும் சேர்த்து அனுப்பலாம் என்று தானாகவே சொன்னவர், விஷி அரசை நடத்திய லவால்.

அரசு அலுவலகத்தில் காலம் கழித்த எனக்கு இதில் மறக்க முடியாதது அந்த அட்டைகள்தான். 1940-இல் யூதர்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாரிஸ் போலீஸ் தலைமையகத்தில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரின் விவரத்தை அட்டைகளில் எழுதி, பெயர், தெரு, தொழில், நாடு என்று நான்கு விதமாக அடுக்கினார்கள். கைதுக்கு முன் அதிலிருந்து 27,000-க்கும் மேற்பட்ட அட்டைகளை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள், மாதச் சம்பளக்காரர்கள்.

போருக்குப் பிறகு, விஷி ஆட்சியே சட்டப்படி செல்லாது, ஆகவே குடியரசுக்கு அதில் பொறுப்பில்லை என்றார்கள். 1992-இல், ஐம்பதாம் ஆண்டு நினைவின்போதும் மித்தெரான் இந்த நிலையை விடவில்லை. 1995 ஜூலை 16 அன்று ஷிராக்தான், ஆக்கிரமித்தவர்களின் வெறிக்குப் பிரெஞ்சுக்காரர்களும் பிரெஞ்சு அரசும் துணைபோனதாக ஒப்புக்கொண்டார். 1997-இல் பிரெஞ்சு ஆயர்கள் திரான்சியில் நின்று, திருச்சபை காத்த மௌனத்துக்காக மன்னிப்புக் கேட்டார்கள். விவாதம் அதோடு ஓயவில்லை. 2017 தேர்தலில் மரின் லெபென், வெல் திவுக்குப் பிரான்ஸ் பொறுப்பல்ல என்றார்.

"அது வேறு அரசாங்கம்" என்ற வாதம் ஃபைலில் எழுத நன்றாக இருக்கும். ஆனால் அரசாங்கம் மாறினாலும் நாற்காலியில் இருந்தவர்கள் பலர் மாறவில்லை. போர்தோ பகுதியிலிருந்து யூதர்களை அனுப்பியதில் பங்கு கொண்ட பப்போன் என்ற அதிகாரி, பின்னாளில் பாரிஸ் போலீஸ் தலைவரானார், மந்திரியும் ஆனார். 1998-இல்தான் தண்டனை கிடைத்தது.

53 ஆண்டு கழித்து வந்த வார்த்தை செத்தவர்களைத் திருப்பித் தரவில்லை. ஆனால் பெற்றோரைப் பறிகொடுத்துப் பிழைத்த பிள்ளைகள், செய்தது யார் என்பதை அரசின் வாயாலேயே கேட்டார்கள். என் கணக்கில் அது சின்ன விஷயமில்லை.

நம்மூரில் பலருக்குப் பாரிசில் சொந்தம் உண்டு. அங்கே போனால் பழைய பள்ளிகளின் சுவரைப் பாருங்கள். யூதராகப் பிறந்த காரணத்துக்காகக் கொண்டுபோகப்பட்ட மாணவர்களுக்குப் பலகை வைத்திருப்பார்கள். விஷி அரசின் பங்கும் அதில் எழுதியிருக்கும். ஒரு நிமிடம் நின்று படித்துவிட்டு வாருங்கள்.