ஆஞ்சான் கயிறு

எங்க ஊரு கண்ணமங்கலம், ஜவ்வாது மலை அடிவாரம். கடலைப் பாக்கணும்னா கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல போகணும். இவனுக்கு எதுக்குப்பா பாய்மரம்னு கேப்பீங்க :-)

கயிறும் கப்பியும் எங்களுக்கும் தெரிஞ்ச விஷயம்தான். மோட்டார் பம்ப் வர்றதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் கவலை ஓட்டித்தான் தண்ணி இறைச்சாங்க. மேலே உருளை, ஒரு முனையில சால், மறு முனையில மாடு. அதே கணக்கை ஒரு படகோட மரத்து உச்சிக்குக் கொண்டு போனா, அதுதான் ஆஞ்சான்.

ஆஞ்சான்னா பாயை ஏத்தி இறக்குற கயிறு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன்ல (1924-36) இந்த வார்த்தை இருக்கு. பாய் கட்டுற குறுக்கு மரம் பருமல். பாயோட கீழ் மூலையை இழுத்துப் பிடிக்கிற கயிறு தாமான். 'ஹால்யார்டு'க்குத் தமிழே இல்லைன்னு அடிச்சுச் சொல்றவங்க ஒருதரம் அந்தப் புத்தகத்தைப் புரட்டலாம்.

பாயை இறக்குற வேலை எவ்வளவு பழசுன்னா, புறநானூறு 30ஆம் பாட்டைப் பாருங்க. புகார்த் துறைக்குள்ள ஒரு பெரிய கப்பல் கூம்பையும் பாயையும் களையாம, சரக்கையும் குறைக்காம நுழையுதாம். கூம்புன்னா பாய்மரம். அப்படியே நுழைஞ்சதைப் பெருமையாச் சொல்றாங்கன்னா, மத்த இடங்கள்ல இறக்கிட்டுத்தான் போயிருக்காங்கன்னு அர்த்தம். சோழமண்டலக் கரையில கிடைச்ச சாதவாகனர் நாணயங்கள்லயும் ரெட்டைப் பாய்மரக் கப்பல் இருக்கு. கி.பி. 2ஆம் நூற்றாண்டு! விரல் நுனி அளவு ஈயக் காசுல கயிறையும் செதுக்கியிருக்கான் பாருங்க.

எனக்குப் பிடிச்ச இஞ்சினியரிங் இதுல எங்க இருக்குன்னா, முக்கோணப் பாய் கட்டுற பல படகுகள்ல மரத்தை இழுத்துப் பிடிக்கத் தனியா நிறைய கயிறு கிடையாது. ஆஞ்சானை உச்சிக் கப்பி வழியா இறக்கி, காத்து வர்ற பக்கமா, கொஞ்சம் பின்னால தள்ளிக் கட்டுவாங்க. பாய் ஒரு பக்கம் இழுக்க, இது எதிர்ப்பக்கம் இழுக்கும். ஒரே கயிறு, ரெண்டு வேலை. படகு திரும்பி, காத்து மறுபக்கம் வந்தா கயிறையும் அந்தப் பக்கம் மாத்தணும். மறந்தா மரம் முறியும்.

கட்டுற விதம் அதைவிட முக்கியம். கட்டையில எட்டு மாதிரி சுத்துவாங்க, இறுக்கி முடிச்சுப் போட மாட்டாங்க. நனைஞ்ச தேங்காநார்க் கயிறு இறுகிட்டா கையால அவிழ்க்க முடியாது. திடீர்னு காத்து அடிக்கும்போது பாய் அந்த நொடியே கீழ வரலைன்னா படகு கவிழும். சின்னப் படகுல உயிர் தொங்கறது அந்தச் சுத்துலதான்.

இந்த வித்தை கரையோரத்தோட நிக்கலை. யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி, 89 அடி பாய்க்கப்பல். வில்லியம் ராபின்சன்னு ஒரு அமெரிக்கர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்'னு பேரை மாத்தினார். சூயஸ் வழியாப் போய், அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்துல குளோஸ்டர் துறைமுகத்தை அடைஞ்சுது. அதுல 5 பேர் வல்வெட்டித்துறை மாலுமிங்க. ராபின்சன் லேசுப்பட்ட ஆள் இல்லை, 32 அடிப் படகுல உலகத்தையே சுத்தி வந்தவர். அவர் நம்மாளுங்க கட்டின கப்பலைத் தேடி வாங்கினார்னா பாத்துக்கோங்க!

அப்புறம் இஞ்சின் வந்துச்சு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமா வந்த படகுகள்ல பெரும்பாலும் ஃபைபர்தான், மோட்டார் வெச்சது. இழுக்கப் பாய் இல்லாத படகுல ஆஞ்சானுக்கு என்ன வேலை? டீசல் செலவு இல்லாத காலத்துக்கு ஏங்கச் சொல்லலை, மோட்டார் காப்பாத்தின உயிர்கள் நிறைய. ஆனா அந்தச் சுத்துக்கும் முடிச்சுக்கும் கரைக்குக் கரை தனிப்பேர் இருந்திருக்கும், அதெல்லாம் லெக்சிகன்ல ஏறலை.

தொண்டி, தேவிபட்டினம், பருத்தித்துறைப் பக்கத்து ஆளுங்க யாராவது இதைப் படிச்சா, தாத்தாகிட்ட கேட்டு ரெண்டு பேராவது எழுதிப் போடுங்களேன்.