இலகு அரைத்தானியங்கிச் சிதறுதுப்பாக்கி

இலகு அரைத்தானியங்கிச் சிதறுதுப்பாக்கி என்பது, பறவைகளை நடந்து சென்று வேட்டையாடுவோர் பயன்படுத்தும் எடை குறைந்த ஷாட்கன் வகையாகும். ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு தோட்டா மட்டுமே வெடிக்கும். வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி அடுத்ததை அறையில் ஏற்றும் வேலையை, வெடிப்பின் ஆற்றலைக் கொண்டு துப்பாக்கியே செய்துகொள்ளும். பொதுவாக 2.5 முதல் 3 கிலோகிராம் வரை எடையுள்ளவை இவ்வகையில் அடங்கும். ஓரிடத்தில் மறைந்திருந்து வாத்து சுடுவதற்கான அரைத்தானியங்கிகள் பெரும்பாலும் 3.2 கிலோகிராமுக்கு மேற்பட்டவை.

வட அமெரிக்காவின் காடுகளில் கிரௌஸ், அதன் மேற்குப் பகுதிப் பாறைச் சரிவுகளில் சுக்கார் கௌதாரி, இத்தாலியில் உள்ளான் இனத்தைச் சேர்ந்த உட்காக் ஆகியவற்றை வேட்டையாடுவோர் நாள் முழுவதும் நாய்க்குப் பின்னால் நடப்பர். சுடுவதோ சில முறைகளே. எனவே இத்துப்பாக்கி சுடப்படும் நேரத்தைவிடச் சுமக்கப்படும் நேரமே மிகுதி. எடையைக் குறைக்கும் முயற்சிகள் அனைத்தும் இதிலிருந்து பிறந்தவையே.

குழல் அளவு

சிதறுதுப்பாக்கியின் குழல் விட்டம் 'போர்' என்னும் எண்ணால் குறிக்கப்படுகிறது. ஒரு பவுண்டு (ஏறத்தாழ 454 கிராம்) ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்றின் விட்டமே 12 போர் குழலின் விட்டம். ஆகவே எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். 12 போர் ஏறத்தாழ 18.5 மி.மீ., 16 போர் 16.8 மி.மீ., 20 போர் 15.6 மி.மீ., 28 போர் 14 மி.மீ. விட்டம் உடையவை. சிறிய குழலுக்குச் சிறிய உடற்பகுதி போதும் என்பதால், 20, 28 போர் துப்பாக்கிகள் இயல்பாகவே எடை குறைந்தவை.

வரலாறு

வெற்றிகரமாக விற்பனையான முதல் அரைத்தானியங்கிச் சிதறுதுப்பாக்கியை அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்தார். 1900 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். உரிமத்தொகை குறித்த பிணக்கினால் வின்செஸ்டர் நிறுவனத்துடனான அவரது நெடுங்கால உறவு முறிந்தது. பின்னர் 1902 சனவரியில் ரெமிங்டன் நிறுவனத்தை நாடிச் சென்று அவர் காத்திருந்த வேளையில், அதன் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லி மாரடைப்பால் இறந்தார். பிரௌனிங் பெல்சியத்துக்குக் கப்பல் ஏறினார். ஆட்டோ-5 என்று பின்னர் பெயர்பெற்ற அத்துப்பாக்கியை எர்ஸ்தாலில் உள்ள எஃப்.என். நிறுவனம் உற்பத்தி செய்தது. 1905 முதல் ரெமிங்டனும் அதே வடிவமைப்பைத் தயாரித்தது; அது பின்னர் மாடல் 11 என்னும் பெயரைப் பெற்றது. ஆட்டோ-5 இன் உற்பத்தி 1998 இல் முடிவுற்றது.

ஆட்டோ-5 உறுதியானது, ஆனால் அதன் உடற்பகுதி முழுவதும் எஃகு. 12 போர் வடிவம் 3.5 கிலோகிராமுக்கும் மேல் இருந்தது. நடந்து வேட்டையாடுவோருக்காக 'ஸ்வீட் சிக்ஸ்டீன்' என்னும் 16 போர் வடிவமும், பின்னர் 'லைட் ட்வெல்வ்' என்னும் எடை குறைத்த 12 போர் வடிவமும் வெளிவந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தாலியின் பிராங்கி நிறுவனம் அதே இயங்குமுறையை அலுமினியக் கலப்புலோக உடற்பகுதியில் அமைத்து 48 ஏ.எல். என்னும் துப்பாக்கியை உருவாக்கியது. இதன் 20 போர் வடிவத்தின் எடை ஏறத்தாழ 2.5 கிலோகிராம் மட்டுமே. போல்ட் குழலின் பின்நீட்சியிலேயே பூட்டிக்கொள்வதால், வெடிப்பின் அழுத்தத்தை உடற்பகுதி தாங்க வேண்டியதில்லை. எஃகுக்குப் பதிலாக அலுமினியத்தைப் பயன்படுத்த முடிந்தது இதனால்தான்.

இயங்கும் முறைகள்

இத்துப்பாக்கிகள் மூன்று முறைகளில் இயங்குகின்றன.

நெடும் பின்னியக்க முறையே காலத்தால் முந்தியது. ஆட்டோ-5, 48 ஏ.எல். ஆகியவை இவ்வகையின. இதில் குழலும் போல்ட்டும் பிணைந்தபடியே தோட்டாவின் நீளத்துக்கும் மேலாகப் பின்னோக்கி நகரும். பின்பு குழல் மட்டும் முன்னே திரும்பும்போது வெற்றுத் தோட்டா வெளியேறும். இறுதியில் போல்ட் முன்னே சென்று புதிய தோட்டாவை ஏற்றும். ஆட்டோ-5 இல் தோட்டாவின் வலிமைக்கேற்ப உராய்வு வளையங்களை மாற்றியமைக்க வேண்டும். வளையங்களைத் தவறாக அமைத்து வலிய தோட்டாக்களைச் சுட்டால் தோளும் நோகும், துப்பாக்கியும் சிதையும். பழைய துப்பாக்கி வாங்குவோர் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

வாயு முறையில், குழலில் உள்ள சிறு துளைகள் வழியாக வெடிவாயுவின் ஒரு பகுதி வெளியேறி உந்துதண்டைத் தள்ளும். 1963 இல் வெளிவந்த ரெமிங்டன் 1100 இம்முறையைப் பரவலாக்கியது. உதைப்பு சற்று நீண்ட நேரத்துக்குப் பரவுவதால் தோளுக்கு மென்மையாகத் தோன்றும். ஆனால் உந்துதண்டும் அதன் துணையுறுப்புகளும் முன்கைப்பிடியில் எடையைச் சேர்க்கும். கரிபடிவதால் அடிக்கடி துப்புரவும் தேவை.

நிலைம முறையின் முன்னோடி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனைச் சேர்ந்த சோக்ரன் உருவாக்கிய துப்பாக்கியாகும். இன்றைய வடிவத்தை இத்தாலியரான புரூனோ சிவோலானி வகுத்தார். 1967 இல் உர்பினோவில் தொடங்கப்பட்ட பெனெல்லி நிறுவனம் அதனைத் தயாரித்தது. சுடும்போது துப்பாக்கி முழுவதும் பின்னே நகர, கனமான போல்ட் உடல் மட்டும் நிலைமத்தால் அசையாது நிற்கும். இடையில் உள்ள வலிய சுருள்வில் அழுத்தப்பட்டு, பின்பு விரிந்து போல்ட்டைப் பின்னே எறியும். வாயு உறுப்புகள் இல்லாததால் முன்பகுதி மெலிந்தும் துப்புரவாகவும் இருக்கும். 12 போரிலும் 2.8 கிலோகிராமை எட்ட இம்முறை இடமளித்தது. இதன் குறை, புதரில் இடித்தாலோ கீழே வைக்கும்போது அதிர்ந்தாலோ போல்ட் முனை சிறிது திரும்பி, முழுமையாகப் பூட்டப்படாமல் நின்றுவிடக்கூடும் என்பதாகும். அப்போது விசையை இழுத்தால் 'கிளிக்' ஓசை மட்டுமே கேட்கும், பறவை போய்விடும்.

எடையும் உதைப்பும்

ஒரே தோட்டாவைச் சுடும்போது, உதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் அமையும். 3.5 கிலோகிராம் துப்பாக்கிக்குப் பதிலாக 2.7 கிலோகிராம் துப்பாக்கியை எடுத்தால் அது ஏறத்தாழ 30 விழுக்காடு கூடும். மாறாக, அதே வேகத்தில் 32 கிராம் ரவைக்குப் பதிலாக 24 கிராம் ரவையைச் சுட்டால் ஏறத்தாழ 40 விழுக்காடு குறையும். ஆகவே 24 கிராம் தோட்டாவுடன் இலகு துப்பாக்கி, 32 கிராம் தோட்டாவுடன் கனத்த துப்பாக்கியைவிடக் குறைவாகவே உதைக்கும். எடையைக் குறைப்பவர் தோட்டாவையும் குறைக்க வேண்டும் என்பது விற்பனைப் பட்டியல்களில் எளிதில் காணப்படாத செய்தி. 76 மி.மீ. நீளமுள்ள வலிய தோட்டாக்களை இலகு துப்பாக்கியில் தொடர்ந்து சுடுவோர், விசையை இழுக்குமுன்பே கண் சிமிட்டித் தோளைச் சுருக்கும் பழக்கத்துக்கு ஆளாகின்றனர். அப்பழக்கத்தைப் போக்குவது கடினம்.

மிகக் குறைந்த எடைக்கு வேறொரு விலையும் உண்டு. இலகுவான குழல் விரைவாகத் திரும்பும். அவ்வாறே விரைவாக நின்றும்விடும். குறுக்கே பறக்கும் பறவையின் முன்னே குழலை ஓட்டிக்கொண்டே சுட வேண்டியிருப்பதால், குழல் நின்றால் ரவைகள் பறவைக்குப் பின்னால் செல்லும். அடர்ந்த காட்டில் எதிர்பாராமல் எழும் பறவைக்கு 66 செ.மீ. குழலும், திறந்த வெளிக்கு 71 செ.மீ. குழலும் விரும்பப்படுவது இதனால்தான். ஒரே குழல் நீளமுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கியைவிட அரைத்தானியங்கி ஏறத்தாழ 8 முதல் 10 செ.மீ. நீளம் கூடியது என்பதையும் கணக்கில் கொள்ளல் வேண்டும்.

எடையைவிடவும் முதன்மையானது தோள்கட்டையின் பொருத்தம். சிதறுதுப்பாக்கியில் பின்குறி இல்லை. சுடுபவரின் கண்ணே பின்குறி. கன்னம் கட்டையில் படியும் இடம் சிறிது மாறினாலும் ரவைக் கூட்டம் இடம் மாறும்.

பாதுகாப்பு

இரட்டைக்குழல் துப்பாக்கியை மடித்தால், அது வெறுமையாக இருப்பதை உடனிருப்போர் தொலைவிலிருந்தே காணலாம். அரைத்தானியங்கியில் அது இயலாது. வேலியைக் கடக்கும்போது தோட்டாக்களை அகற்றி, போல்ட்டைப் பின்னிழுத்துத் திறந்து வைப்பது நடைமுறை.

ஒரே வீட்டில் 12, 20 போர் துப்பாக்கிகள் இரண்டும் இருப்பின் கூடுதல் கவனம் தேவை. 20 போர் தோட்டா 12 போர் தோட்டா அறையில் விழுந்தால், அறையைக் கடந்து குழலில் சிக்கி நின்றுவிடும். அறை வெறுமையாகத் தோன்றுவதால் பின்னால் 12 போர் தோட்டாவை ஏற்றிச் சுட்டால், முன்கைப்பிடியைப் பற்றிய கைக்கு அருகிலேயே குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் செய்யப்படுவது இதற்காகவே.

பழைய 16 போர் ஆட்டோ-5 துப்பாக்கிகளுள் சில 65 மி.மீ. அறை கொண்டவை, இன்றைய 70 மி.மீ. தோட்டாக்கள் அவற்றுக்கு ஏற்றவை அல்ல. பெல்சியத்தில் செய்யப்பட்ட பழைய குழல்களில் எஃகு ரவையும் சுடலாகாது. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு 1991 முதல் ஈய ரவை தடைசெய்யப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் இத்தடை 2023 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எனவே பாட்டனாரின் துப்பாக்கியை ஏரிக்கரைக்கு எடுத்துச் செல்வோர் ஈயமல்லாத மென் உலோக ரவையை நாட வேண்டும். அதன் விலை மிகுதி.

சட்ட வரம்புகள்

அமெரிக்காவில் வலசைப் பறவைகளை வேட்டையாடும் துப்பாக்கி மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளலாகாது என்னும் விதி 1935 முதல் உள்ளது. ஐந்து தோட்டாக்கள் கொண்டதால் ஆட்டோ-5 எனப்பட்ட துப்பாக்கியிலும், தோட்டாக் குழாயில் மரச் செருகி ஒன்று இடம்பெறலாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் பறவைகள் நெறிமுறையும், தோட்டாக் குழாயில் இரண்டுக்கு மேற்பட்ட தோட்டாக்கள் ஏற்கும் அரைத்தானியங்கிகளைத் தடைசெய்கிறது. ஆத்திரேலியாவில் 1996 ஆம் ஆண்டின் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பின் அரைத்தானியங்கிச் சிதறுதுப்பாக்கிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. அங்குள்ள பறவை வேட்டையாளர் பெரும்பாலும் இரட்டைக்குழல் துப்பாக்கிகளையே பயன்படுத்துகின்றனர்.