சாக்கெட் 7: ஒரு பழைய மதர்போர்டு தாக்குப்பிடித்த கதை

பழைய கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல், பிராசஸரை மட்டும் மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அந்தக் கணக்கு உண்மையிலேயே சிக்கலானது 1997-க்குப் பிறகுதான்.

அதற்கு முன் அவ்வளவு குழப்பம் இல்லை. சாக்கெட் 7 உள்ள ஒரே மதர்போர்டில் இன்டெல்லின் பென்டியம், ஏஎம்டியின் கே5, சைரிக்ஸின் 6எக்ஸ்86 மூன்றும் உட்காரும். எது மலிவோ அதை வாங்கி, ஜம்பரை மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது.

1997 மே மாதம் இன்டெல் பென்டியம் 2-ஐக் கொண்டுவந்தது. இது சாக்கெட்டில் உட்காரவில்லை. வீடியோ கேம் கேட்ரிட்ஜ் மாதிரி இருந்த அதை ஸ்லாட் 1 என்ற நீளமான இடத்தில் செருக வேண்டும். கேச் மெமரியையும் பிராசஸரோடு ஒரே அட்டையில் வைத்ததால் இந்த வடிவம் வந்தது என்பது தொழில்நுட்பக் காரணம். ஸ்லாட் 1-ஐப் பயன்படுத்த ஏஎம்டிக்கு உரிமம் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்! ஆக, இன்டெல் பக்கம் போக நினைத்தவர் மதர்போர்டையும் மாற்றியாக வேண்டும்.

ஏஎம்டி சாக்கெட் 7-ஐ விடவில்லை. கே6 (1997), கே6-2 (1998) இரண்டும் அதிலேயே வந்தன. ஆனால் பிராசஸர் வேகமாக ஓடினாலும் போர்டு பழைய 66 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றது. கேச் மெமரி போர்டில் இருந்ததால் அதுவும் அந்த வேகம்தான். சாக்கெட் 7-க்கு இன்டெல் கடைசியாகத் தந்த 430டிஎக்ஸ் சிப்செட்டில் இன்னொரு வினோதம்: 64 எம்பி வரையிலான ரேமுக்கு மட்டுமே கேச் வேலை செய்யும். அதற்கு மேல் காசு கொடுத்து ரேம் சேர்த்தால் சில வேலைகளில் கணினி மெதுவாகிவிடும். இதைப் பெட்டியின் மேல் யாரும் அச்சடித்து விற்கவில்லை.

இந்த இடத்தில் தைவான் நிறுவனங்கள் உள்ளே வந்தன. வியாவின் எம்விபி3, அலியின் அலாதீன் 5 ஆகிய சிப்செட்டுகள் சாக்கெட் 7-ஐ 100 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, ஏஜிபியும் கொடுத்தன. இதற்குச் சூப்பர் 7 என்று பெயர். விலை குறைவு. ஆனால் ஏஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்டவர்கள் பலர் விளையாட்டின் நடுவில் உறைந்துபோன திரையைப் பார்த்திருப்பார்கள். வியாவின் ஃபோர்-இன்-ஒன் டிரைவரைப் போட வேண்டும் என்று தெரியாதவருக்குப் போர்டே கெட்டுவிட்டதாகத் தோன்றும். 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள கே6-2-வில் விண்டோஸ் 95 ஏறும்போதே விழுந்ததும் உண்டு. அதில் போர்டின் தவறு எதுவும் இல்லை. விண்டோஸில் நேரத்தை அளக்கும் ஒரு சிறு நிரல் இந்த பிராசஸரில் மிக வேகமாக முடிந்து, கழிந்த நேரம் பூஜ்யம் என்று வர, பூஜ்யத்தால் வகுக்கப்போய் மாட்டிக்கொண்டது. பின்னர் மைக்ரோசாப்ட் திருத்தம் கொடுத்தது.

பழைய போர்டையே வைத்திருந்தவர்களுக்கும் ஏஎம்டி ஒரு வழி வைத்திருந்தது. பிந்தைய கே6-2 பிராசஸர்கள் போர்டின் 2 மடங்கு ஜம்பரை 6 மடங்கு என்று எடுத்துக்கொள்ளும். 66-ஐ 6-ஆல் பெருக்கினால் 400 மெகாஹெர்ட்ஸ்! ஆனால் போர்டு 2.2 வோல்ட் தர வேண்டும். பென்டியம் எம்எம்எக்ஸ் வருவதற்கு முன் செய்த பல போர்டுகளில் இரட்டை மின்னழுத்த வசதியே கிடையாது. வேகத்தை மட்டும் பார்த்து பிராசஸரை வாங்கி வந்து, வீட்டில் போர்டின் புத்தகத்தைப் பிரித்த பிறகு விழித்தவர்கள் நிறைய.

புதிய போர்டே வாங்குவது என்று முடிவு செய்தவருக்கு மட்டும் பதில் வேறு. 1998 ஏப்ரலில் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் விலை கூடுதல்தான். ஆனால் நிலைத்தன்மையில் சூப்பர் 7 அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த மலிவான செலரான் 300ஏ-வை அதில் 100 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் பெரும்பாலும் 450-ஐத் தொட்டது. போர்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் பிராசஸரில் திரும்பி வந்தது. பின்னாளில் ஒரு அடாப்டர் அட்டையின் உதவியோடு சாக்கெட் 370 பிராசஸர்களும் அதே பிஎக்ஸ் போர்டுகளில் ஓடின.

ஏஎம்டியும் 1999-ல் ஆத்லானோடு சொந்த ஸ்லாட்டுக்குப் போய்விட்டது. ஆனாலும் 2000-ல் மடிக்கணினிக்காக அது வெளியிட்ட கே6-2+ பிராசஸரைத் தேடிப்பிடித்து, பயாஸைப் புதுப்பித்து, மேசைக் கணினியின் சாக்கெட் 7-ல் உட்கார வைத்தவர்கள் இருந்தார்கள். அதில் 128 கேபி கேச் பிராசஸருக்குள்ளேயே இருந்தது. 430டிஎக்ஸின் அந்த 64 எம்பி தொல்லை பெரிதாகத் தெரியாமல் போனது அதற்குப் பிறகுதான்.