கூடலூர் மலையில் ஒரு மருத்துவப் பணி

நீலகிரி என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன உதகையின் குளிரும் குன்னூரின் தேயிலைத் தோட்டங்களுமேயாம். உதகையைத் தாண்டி மலைச்சாலையில் இறங்கிக் கூடலூரை அடைவோர் அங்கே வேறொரு நீலகிரியைக் காண்பர். தமிழகமும் கேரளமும் கருநாடகமும் அடுத்தடுத்து அமைந்த அப்பகுதியில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் ஆகிய மக்கள் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். அவர்களுள் பணியர், நிலவுடைமையாளரிடம் தலைமுறை தலைமுறையாகக் கொத்தடிமைகளாய் இருந்தவர்கள்.

1952ஆம் ஆண்டு எச். லேமன், மேரி கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தைச் சோதித்து வியப்பான ஓர் உண்மையை வெளியிட்டனர். 1910இல் சிகாகோ நகரில் முதன்முதலாக விவரிக்கப்பட்டு, ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே கருதப்பட்டு வந்த அரிவாள் செல் சோகையின் கூறு இம்மலைமக்களின் குருதியிலும் இருந்தது! அதே ஆண்டில் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் அந்நோய் கண்டறியப்பட்டது.

இந்நோயின் இயல்பைச் சற்று விரித்துரைப்பது நலம். வட்டமாக நெகிழ்ந்து ஓடவேண்டிய சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து விறைத்து, நுண்ணிய நாளங்களை அடைத்துக் கொள்கின்றன. அப்போது எலும்பிலும் மூட்டிலும் மார்பிலும் எழும் வேதனை சொல்லுந்தரமன்று. குளிர், நீரிழப்பு, கடும் உழைப்பு, காய்ச்சல் இவையெல்லாம் வேதனையைத் தூண்டுவன. தென்மேற்குப் பருவமழையில் நனைந்தபடி தேயிலை பறிக்கும் ஒரு பெண்ணுக்கு இவற்றுள் எதுதான் குறைவு? வலி தணிந்த மறுவாரம் அவர் எழுந்து நடமாடுவார். பார்ப்பவர் கண்ணுக்கு அவர் நோயாளியே அல்லர். வேலைக்கு வராமல் ஏய்த்தவர் என்று பழிக்கவும் படுவார்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் இக்கூறு வந்தாலன்றி நோய் தோன்றாது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் இயல்பாக வாழ்வதோடு, கொடிய மலேரியாவுக்குத் தப்பவும் அது உதவுகிறது. மலேரியா மலிந்த காடுகளில் வாழ்ந்த மக்களிடையே இக்கூறு நிலைத்துவிட்டதன் காரணம் இதுவே.

ஆய்வேட்டில் இந்நோய் இடம்பெற்று 38 ஆண்டுகள் கழிந்த பின்னரே கூடலூர்ப் பழங்குடியினர்க்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. அதன் தொடக்கம் மருத்துவத்தில் அன்று, நிலத்தில் இருந்தது. 1980களின் நடுவில் ஸ்டான் தேக்கேகராவும் அவர் துணைவியார் மாரியும் 'அக்கார்டு' என்னும் அமைப்பை நிறுவி, பறிபோன நிலங்களுக்காகப் பழங்குடியினரை ஒன்றுதிரட்டினர். 1987இல் மருத்துவர்கள் தேவதாசனும் ரூபாவும் வந்து சேர்ந்தனர். அவர்கள் முதலில் மருத்துவமனை கட்டவில்லை. சிற்றூர்களிலிருந்து பழங்குடி இளைஞர்களைத் தேர்ந்து நலப்பணியாளர்களாகப் பயிற்றினர். தடுப்பூசியும் கர்ப்பிணிகள் கவனிப்பும் குடிசை வாயிலுக்கே சென்றன. இந்த வரிசைமுறைதான் இப்பணியின் உயிர்நாடி என்பது நம் எண்ணம்.

1990இல் 'அஸ்வினி' என்னும் தனிச் சங்கம் அமைந்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய அறுவை மருத்துவர் நந்தகுமார் மேனனும் அவர் துணைவியார் மருத்துவர் ஷைலஜா தேவியும் கூடலூர் பழங்குடியினர் மருத்துவமனைப் பொறுப்பை ஏற்றனர். பழங்குடிப் பெண்களே செவிலியர்களாகப் பயிற்சி பெற்றுப் பணியாற்றினர். தம் மொழியில் பேசுவோர் அங்கிருந்ததால் மக்கள் அஞ்சாமல் வந்தனர். 1992இல், ஏழைகளுக்கு மருத்துவக் காப்பீடு என்பது நாட்டில் அரிதாயிருந்த நாளில், நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்தின் வாயிலாகச் சங்க உறுப்பினர்க்குக் குழுக் காப்பீடும் கிடைத்தது.

இந்த அடித்தளம் இருந்ததால்தான் அரிவாள் செல் நோயைத் தொடர்ந்து கவனிப்பது இயலுவதாயிற்று. ஃபோலிக் அமிலமும் ஹைட்ராக்ஸியூரியாவும் ஒருநாள் தந்து முடிப்பன அல்ல, ஆண்டுக்கணக்கில் தரவேண்டியவை. நோயாளி வராதபோது அவர் வீடு தேடிச் செல்ல ஊர்தோறும் ஒருவர் வேண்டும்.

இதனை மலைவாசிகளின் தனித் துயர் என்று நம் குடும்பத்தார் எண்ணிவிடலாகாது. இதன் உறவு நோயாகிய தலசீமியா சமவெளியிலும் உண்டு. அதுவும் இருவழியாகவே குழந்தையை அடைவது. மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய உறவிலேயே சம்பந்தம் பேசும் வழக்கமுள்ள நாம் திருமணத்துக்கு முன் ஓர் இரத்தச் சோதனை செய்துகொள்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது? பெற்றோர் இருவரும் இக்கூற்றைச் சுமப்பவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகையினரை மட்டுமே கணக்கில் கொண்டது. குருதி நோயாளர்க்கு அதில் இடமில்லை. 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் 21 வகைகளை ஏற்று, ஹீமோஃபீலியா, தலசீமியாவுடன் அரிவாள் செல் நோயையும் சேர்த்துக் கொண்டது. எனினும் 40 விழுக்காடு பாதிப்பு என்று சான்று பெற்றால்தான் முக்கியச் சலுகைகள் கிட்டும். வந்து வந்து போகும் வலியை எந்த அளவுகோலால் விழுக்காடாக்குவது? உயர்கல்வியின் 5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் இவர்களுக்குப் பங்குண்டு. அரசுப் பணிக்கான 4 விழுக்காட்டிலோ, சட்டத்தின் 34ஆம் பிரிவு பார்வை, செவி, இயக்கம், மனம் சார்ந்த குறைபாடுகளை மட்டும் எண்ணி, குருதி நோயாளரை விட்டுவிட்டது. படிக்க வைத்துவிட்டுப் பணிவாயிலை அடைத்தால் அந்தப் பெண் மீண்டும் தேயிலைக் கூடையைத்தானே சுமக்க நேரும்?

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. 7 கோடி மக்களைச் சோதிப்பது அதன் திட்டம். 2047 அதன் இலக்கு ஆண்டு. சோதிக்கப்பட்டவருக்கு அவர் நிலையைக் குறிக்கும் அட்டை ஒன்று தரப்படுகிறது. அட்டை பெற்றவருக்கு அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் மாத்திரை கொண்டு சேர்ப்பவர் யார் என்பதை ஒவ்வொரு மாவட்டமும் இனித்தான் தீர்மானிக்க வேண்டும். கூடலூரில் அதற்கான ஆட்கள் 1987 முதலே உருவாகத் தொடங்கிவிட்டனர்.